ரோதமுனிக்கு அரை நாள் லீவு

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் மூன்று கட்டை தூரம் மேலே ஏறினால் ஒரு தோட்டம் வரும். அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கந்தப்பன் முப்பது வருஷமாக வேலை செய்கிறார். தொழிற்சாலை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வாடிய கொழுந்தை நசுக்கி உருட்டுகிற பெரிய இயந்திரத்துக்கு ரோதை என்று பெயர். அந்த ரோதையை ஓட்டுகிறவர்தான் கந்தப்பன். வயது ஐம்பத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மெதுவாகப் பேசுவார், பேசினால் பொய் பேசமாட்டார்.

ரோதைக்குக் கிழக்குப் பக்கம், சுவரோரமாக, தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னச் சூலம். தலைக்கு மேலே ஒரு பல்பு. அந்தக் கல்தான் ரோதமுனி. ரோதையைக் காக்கிற சாமி. காலையில் அவருக்குச் சூடம் காட்டாமல் ரோதையை ஓடவிட்டால் யாருடைய கையாவது உள்ளே போய்விடும் என்பது ஸ்டோரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவுக்கும் தெரியும், தோட்டத்து மனேஜரான பெரிய துரைக்கும் தெரியும். முன்பு ஒரு தரம் கந்தப்பனின் சட்டைக்கை ரோதையில் மாட்டியது. அதே நொடியில் கரண்ட் போனது. கையை எடுத்துக்கொண்டதும் கரண்ட் வந்தது. அன்றிலிருந்து கந்தப்பன் வீட்டு விஷயம் எதையும் முனியிடம் சொல்லாமல் விட்டதில்லை. அரிசி விலை, மனைவி ஜீவராணியின் முழங்கால் வலி, அவர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகுவது எல்லாம் முனிக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள், சிவசக்தி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தில் கரண்ட் பாதி நாள் இருக்காது. ஸ்டோரில் முனியின் பல்பு மட்டும் எப்போதும் எரியும். அப்பாவின் வேலை முடியும் வரைக்கும் அவள் அந்தப் பல்புக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து படிப்பாள். வாய்ப்பாடு, வரலாறு, பிறகு உயர்தரப் பரீட்சைப் பாடம் எல்லாம் அந்தச் சாக்கில்தான். பாடமாக்கியதை யாரிடமாவது ஒப்புவிக்க வேண்டுமே, ரோதை இரைச்சலில் மனிதர் யாருக்கும் கேட்காது. அதனால் முனியிடம் ஒப்புவிப்பாள்.

இப்படிப் படித்த பிள்ளைக்குப் பேராதனையில் இடம் கிடைத்தது. அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிற முதல் பிள்ளை. லயமே சந்தோஷப்பட்டது. சந்தோஷம் ஆறியதும் கந்தப்பனும் ஜீவராணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது? வழி இல்லாவிட்டால் பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போக வேண்டியதுதான். கடைக்காரர் ஆளனுப்பிக் கேட்டும் விட்டார்.

அந்த நேரத்தில்தான் பதுளையில் 'சரோஜினி இரகுநாதன் ஞாபகார்த்த புலமைப்பரிசில்' என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். சரோஜினி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு மாற்றலாகி வந்து, முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்து, அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய கணவர் இரகுநாதன் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி பெயரால் அவர் இந்த உதவியைத் தொடங்கி, அதற்குப் பதினொரு விதிகளைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். முதல் விதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவராக, படிப்பில் துணை நின்றவராக இருக்க வேண்டும். அவரைப் பற்றிய பக்கத்தைப் பெற்றோர் தம் கையால் எழுத வேண்டும்.

கந்தப்பன் அந்தப் பக்கத்தை ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போனார். யார் வழிகாட்டி? நன்றாக யோசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்து வாத்திமார் வந்த வேகத்தில் மாற்றலாகிப் போனார்கள். தானோ ஐந்தாம் வகுப்பு. ஜீவராணிக்கு விடிந்தால் கொழுந்து மலை, பொழுது சாய்ந்தால் அடுப்பு. பிள்ளையோடு பன்னிரண்டு வருஷம் ஒரு நாளும் தவறாமல் இருந்தவர் ஒருவர்தான். கந்தப்பன் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு எழுதினார்.

பெயர்: ரோதமுனி. தொழில்: காவல். வேலை செய்யும் இடம்: தேயிலை ஸ்டோர், ரோதைக்குக் கிழக்கு. பிள்ளையை எத்தனை வருடமாகத் தெரியும்: பிறந்ததிலிருந்து. கல்வித் தகுதி: தெரியாது. தொலைபேசி: இல்லை.

எழுதி முடித்து முனியின் முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, மடித்துத் தபாலில் போட்டார்.

பதுளை பஜாரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. ஸஜீதா என்ற பெண் ஒருத்தி மட்டும்தான் அங்கே வேலை. அவள் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இரகுநாதனிடம் கொடுத்தாள்.

"சேர், இது ஒரு வாட்ச்சர் போல. படிப்பு என்னண்டே தெரியாதாம். பாவம்."

இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் அதிபர், மனேஜர் எண்டு எழுதியிருக்கினம். ஒரு காவலாளி ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான். சரோ இருந்திருந்தா இந்த மனுசனைத்தான் முதல்ல கூப்பிட்டிருப்பா."

சிவசக்திக்கு உதவி கிடைத்தது. பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேராதனைக்குப் போனாள்.

அடுத்த மாதம் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. 'திரு. ரோதமுனி அவர்கட்கு' என்று மேலே எழுதியிருந்தது. ஆபீசில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் கந்தப்பனிடம் கொடுத்தார்கள். சாமிக்கு வந்த கடிதத்தை ஒற்றைக் கையால் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

கந்தப்பன் அதைப் பிரித்து முனிக்கு உரக்க வாசித்தார். மாதந்தோறும் பச்சைத் தாளில் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். கந்தப்பன் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, முனியைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதினார்.

மாணவியை இம்மாதம் எத்தனை தடவை சந்தித்தீர்கள்? ஒரு தடவை. லீவுக்கு வந்தாள்.

மாணவி உங்களிடம் என்ன கூறினார்? சோறு சரியில்லை. இங்கிலீஷ் விளங்கவில்லை. அழுதாள்.

நீங்கள் என்ன ஆலோசனை வழங்கினீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

கையொப்பம் இடும் இடத்தில் முனியின் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு வைத்தார்.

ஸஜீதா அதைக் கைநாட்டு என்று எண்ணி 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை குத்தினாள். இரகுநாதன் அந்த அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். கஜரூபன் என்று ஒரு பாங்கு மனேஜர் இன்னொரு பிள்ளைக்கு வழிகாட்டி. அவர் மாதாமாதம் மூன்று பக்கம் புத்திமதி எழுதி அனுப்புவார். இரகுநாதன் அவருக்குப் போன் எடுத்தார்.

"கஜரூபன், பேனையை வைச்சிட்டுக் கொஞ்சம் காதையும் பாவியும். மடுல்சீமையில ஒரு மனுசன் இருக்கிறார். அவரிட்டைப் படியும்."

பிறகு வழிகாட்டிகள் எல்லோருக்கும் ஒரு ரீசேர்ட் சட்டை தருவதாகவும், உடுப்பு அளவை அறிவிக்கும்படியும் கடிதம் வந்தது. கந்தப்பன் ஒரு நூலை எடுத்துக் கல்லைச் சுற்றி அளந்தார். 'பதினெட்டு அங்குலம்' என்று எழுதி அனுப்பினார். ஸஜீதா அது கழுத்து அளவு என்று நினைத்துவிட்டாள்.

"யா அல்லாஹ், கழுத்தே பதினெட்டெண்டா ஆள் எப்பிடி இருப்பார்!"

கடையில் இருந்ததிலேயே பெரிய ரீசேர்ட் வந்து சேர்ந்தது. கந்தப்பன் அதை எட்டாய் மடித்து முனிக்குச் சாத்தினார். நெஞ்சுப் பக்கத்தில் 'வழிகாட்டி' என்று எழுதியிருந்தது. முனிக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

இப்படியே எட்டு மாதம் போனது. தை பிறந்ததும் அந்தக் கடிதம் வந்தது. சரோஜினி டீச்சரின் நினைவு நாளில் வழிகாட்டிகள் கூட்டம், காலை ஒன்பதரை மணிக்கு. கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது: வழிகாட்டி நேரில் சமுகம் தராவிட்டால் அம்மாணவருக்கான உதவி அன்றோடு நிறுத்தப்படும்.

சிவசக்தி அப்போது லீவில் வந்திருந்தாள். கடிதத்தை அவள்தான் வாசித்தாள். வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, யாரு இந்தத் திரு. ரோதமுனி?"

"என்னா கேள்வி இது? நம்ம முனிதான்."

"அய்யோ அப்பா! வழிகாட்டின்னா ஆளுப்பா! பேசற ஆளு! நடக்கற ஆளு!"

"அப்படின்னு அதுல போடலியே பாப்பா. துணையா நின்னது யாருன்னுதானே கேட்டாங்க? நின்னவரு பேர எழுதினேன்."

சிவசக்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வந்தது. உதவி நின்றால் படிப்பும் நின்றது என்பது அவளுக்குத் தெரியும். துணிக்கடைக்காரர் இன்னும் ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

ஜீவராணி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "இதுக்கு ஏன் ஒப்பாரி? எந் தம்பி ஜெயரூபன் ஸ்டோருல வாட்ச்சர்தானே? காவல்னு எழுதியிருக்கு, அவனும் காவல். சட்டையப் போட்டு, தலைய சீவி அனுப்புவோம். ஒரு நாளு அவன் ரோதமுனியா இருந்துட்டுப் போறான்."

ஜெயரூபனுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. பதுளையில் சாப்பாடு போடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் இன்னும் பிடித்தது. பெரிய ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நின்று பேசிப் பழகினான். "வணக்கம். நாந்தான் ரோதமுனி."

கந்தப்பன் அவன் வாயைப் பொத்தப் போனார். "மச்சான், அப்படிச் சொல்லாதடா. வேணாம்டா."

"சும்மா இருங்க மாமா. நாந்தான் ரோதமுனி!"

மறுநாள் காலையில் ஜெயரூபனின் இடது கன்னம் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. பல்வலி. வாயைத் திறக்க முடியவில்லை. ரீசேர்ட்டைக் கழற்றிக் கந்தப்பனின் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டோருக்கு ஓடி, முனியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அதன் பிறகு பூக் கேட்பது என்று முடிவாயிற்று. சிவப்புப் பூவை ஒரு தாளிலும் வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் மடித்து முனியின் முன்னால் போட்டார்கள். சிவப்பு வந்தால் கந்தப்பன் மட்டும் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. வெள்ளை வந்தால் முனியே வருகிறார் என்று அர்த்தம். ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை.

"ஒரு பொய்க்கு ஆளத் தேடினோம். அவரு நானே வாரேன்கிறாரு" என்றார் கந்தப்பன். அவருக்கு மனசு லேசாகிவிட்டது. சிவசக்திதான் சிவப்புக் கோடு போட்ட வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

ஆனால் முனி ஸ்டோரை விட்டு வெளியே போனதே இல்லை. அதற்கு டீமேக்கர் ஐயாவிடம் கேட்க வேண்டும். டீமேக்கர் நிமலன் இளவயதுக்காரர். தேயிலை உலர்கிற வாசனையிலேயே தரம் சொல்லிவிடுவார், சாமி விஷயத்தில் கொஞ்சம் பயம்.

"அவரு இல்லாம ரோதைய எப்படி கந்தப்பன் ஓட்டுறது? ஒருத்தனும் சுவிட்சுல கை வைக்க மாட்டானே."

"ஒரு நாளுதாங்க ஐயா."

"ஒரு நாளா? முந்தின நாள் கொழுந்து வாடிக் கெடக்கும். பகல் ரெண்டு மணிக்குள்ள உருட்டலேன்னா அத்தனையும் குப்பைதான். பெரிய தொரை என்னை உருட்டிருவாரு." நிமலன் நகத்தைக் கடித்தார். "அரை நாளு. ரெண்டு மணிக்கு அவரு இங்க இருக்கணும்."

ரோதை ஏன் நின்றது என்று பெரிய துரை கேட்டால் காட்ட ஒரு எழுத்து வேண்டுமே. நிமலன் லீவுப் புத்தகத்தை விரித்து ஒரு வரி எழுதினார்: ரோதமுனி, அரை நாள் லீவு, பதுளையில் கூட்டம்.

"சம்பளம் உண்டுங்களா ஐயா?" என்று பின்னால் நின்ற ஜெயரூபன் வீங்கிய வாயால் கேட்டான்.

"உனக்கு மத்தக் கன்னமும் வீங்கணுமா?" என்றார் நிமலன்.

கூட்டத்தன்று விடியற்காலை கந்தப்பன் குளித்து, முனிக்குப் பாலூற்றி, மன்னிப்புக் கேட்டுக் கல்லைத் தூக்கினார். ஜீவராணி தன் கொழுந்துக்கூடையைக் கழுவி மஞ்சள் தெளித்து, அடியில் வேப்பிலை பரப்பி வைத்திருந்தாள். முனி கூடைக்குள் அமர்ந்தார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, முப்பது வருஷம் கொழுந்து சுமந்த முதுகில் ஜீவராணி சாமியைச் சுமந்தாள்.

"கனக்குதா ராணி?" என்றார் கந்தப்பன்.

"மழை நாள்ல ஈரக் கொழுந்துக்கு இவரு எவ்வளவோ பரவாயில்ல."

சிவசக்தியும் கூடவே வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். சிங்களவர், ஆனால் அந்தப் பாதையில் ஓடி ஓடித் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"மூணு பேரா?"

"நாலு டிக்கட்டுங்க" என்றார் கந்தப்பன்.

"மத்தவர் எங்க?"

"கூடையிலங்க. சாமி. கூட்டத்துக்குப் போறாரு. டிக்கட் காட்டினாத்தான் பஸ் காசு தருவாங்கன்னு கடுதாசியில போட்டிருக்கு."

கண்டக்டர் கூடையைப் பார்த்தார், கந்தப்பனைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடையைக் கும்பிட்டார். "சாமிய அங்க வைக்க வேணாம். முன்னுக்கு வாங்க." டிரைவருக்குப் பின்னால், மதகுருமாருக்கென்று ஒதுக்கிய இருக்கையில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தட்டி எழுப்பிவிட்டு அங்கே முனியை உட்கார வைத்தார். பசறையில் ஏறிய ஒரு பௌத்த பிக்கு அந்த இருக்கையின் மற்றப் பாதியில் அமர்ந்தார். கல்லை ஒரு தரம் பார்த்துவிட்டு, இடம் போதாதோ என்று கொஞ்சம் ஒதுங்கியும் கொடுத்தார். இரண்டு பேரும் பதுளை வரைக்கும் பேசாமல் வந்தார்கள்.

மண்டபத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. முன் வரிசை ஓரத்தில் மட்டும், புடவைக்கடை முதலாளியிடம் இரவல் வாங்கிய, கைவைத்த பெரிய தேக்கு நாற்காலி ஒன்று. 'திரு. ரோதமுனி.' பதினெட்டு அங்குலக் கழுத்துக்காரர் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் தாங்காது என்று ஸஜீதா முன்கூட்டியே யோசித்திருந்தாள். அதற்குப் பக்கத்து நாற்காலியில் மாலை போட்ட ஒரு படம். சரோஜினி டீச்சர், மூக்குக்கண்ணாடியும் சிரிப்புமாக.

கந்தப்பன் முனியைக் கூடையிலிருந்து எடுத்து, ரீசேர்ட்டைச் சரிசெய்து, தேக்கு நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் அது டீச்சரின் படத்துக்கு வந்த பூசைச் சாமான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரியாக ஒன்பதரைக்கு இரகுநாதன் எழுந்து வரவுப் பதிவு இடாப்பைத் திறந்தார்.

"தலைவர், திருமதி சரோஜினி இரகுநாதன்." படத்தைப் பார்த்தார். தானே பதிலும் சொன்னார். "வந்திருக்கிறா."

பேனாவால் ஒரு சரி அடையாளம் போட்டார். வருஷா வருஷம் அப்படித்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு ஒவ்வொரு வழிகாட்டியாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் எழுந்து, வந்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார்கள்.

"திரு. ரோதமுனி."

எல்லோரும் அந்தப் பெரிய ஆளைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள்.

"திரு. ரோதமுனி வரேல்லையோ?"

"வந்திருக்காருங்க ஐயா" என்றார் கந்தப்பன் பின்னாலிருந்து.

"எங்கை?"

"நாற்காலியிலதாங்க."

இரகுநாதன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். ரீசேர்ட் கட்டிய கல்லைப் பார்த்தார். அதன் நெற்றியில் திருநீற்றையும் குங்குமத்தையும் பார்த்தார். எட்டு மாதம் பச்சைத் தாளில் வந்த கைநாட்டின் நிறம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

"இது என்ன பகிடி? செத்த மனுசியின்ரை நினைவு நாளில பகிடி விடுறீரோ? காவலாளி எண்டெல்லோ எழுதினனீர்!"

கந்தப்பன் இரண்டு அடி முன்னால் வந்தார். "காவல்னுதாங்க எழுதினேன். காவல்தாங்க அவரு. நான் ஒரு எழுத்துப் பொய் எழுதலீங்க ஐயா. வேற ஆள அனுப்பச் சொன்னாங்க. அவரு பேருல பொய் சொல்ல என்னால முடியாதுங்க. ஐயா கோவிச்சுக்கிட்டா எம்மேல கோவிச்சுக்குங்க. பிள்ள படிப்ப நிப்பாட்டிறாதீங்க."

ஸஜீதா ஓடிப்போய் விண்ணப்பக் கோப்பை எடுத்து வந்தாள். ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறந்ததிலிருந்து தெரியும், சரி. ரோதைக்குக் கிழக்கு, சரி. தொலைபேசி இல்லை, சரி. ஒரு வரியிலும் பிழை பிடிக்க முடியவில்லை.

"விதியை வாசியும்" என்றார் இரகுநாதன். கணக்காளராக இருந்தவர் கோபம் வந்தாலும் விதியைத் தாண்டமாட்டார்.

ஸஜீதா வாசித்தாள். "விதி நாலு. வழிகாட்டி எந்தக் கட்சியையும் சேர்ந்தவராக இருத்தல் ஆகாது."

"இல்லீங்க. எல்லாக் கட்சிக்காரரும் வந்து கும்பிடுவாங்க, அவரு யாரு பக்கமும் போனதில்ல."

"விதி ஆறு. மாணவரிடமிருந்து எந்தக் கைம்மாறும் பெறுதல் ஆகாது."

"வெள்ளிக்கிழமைக்கு எலுமிச்சம்பழம் வாங்குவாருங்க" என்றாள் ஜீவராணி. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம்.

கந்தப்பன் திடுக்கிட்டார். "அது நான் குடுக்கிறதுங்க! பிள்ள குடுக்கிறதில்ல!"

ஸஜீதா 'சரி' என்று குறித்தாள். பதினொரு விதியும் முடிந்தன. முனி எல்லாவற்றிலும் தேறிவிட்டார். பாங்கு மனேஜர் கஜரூபனுக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதமாக இந்த மனுசனைப் பார்த்துப் படிக்கும்படி அவருக்குத்தானே சொல்லப்பட்டது?

"சேர், இது நியாயமில்லை. கூட்டத்துக்கு வாறவர் உயிரோடை இருக்கோணும் எண்டு ஒரு விதியும் இல்லையோ?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மண்டபத்தில் எல்லோருடைய கண்ணும் பக்கத்து நாற்காலிக்குப் போனது. டீச்சர் மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். இடாப்பில் அவருடைய பெயருக்கு நேரே சரி அடையாளத்தின் மை இன்னும் காயவில்லை. கஜரூபன் மெதுவாக உட்கார்ந்தார்.

இரகுநாதன் படத்தின் அருகே போய் நின்றார். "சரோ" என்றார். மாலையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார்.

"பிள்ளை சிவசக்தி, இஞ்சை வாரும். இவர் உமக்கு என்ன செய்தவர்?"

சிவசக்தி எழுந்து முன்னால் வந்தாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. "பன்னெண்டு வருஷம் சேர், நான் படிச்ச நேரம் அவரோட லைட் ஒரு நாளும் அணையல. பாடம் ஒப்புவிப்பேன். பிழையாச் சொன்னாலும் பாத்துக்கிட்டே இருப்பாரு. அப்படிப் பாத்தா நானே திரும்ப முதல்லேருந்து சொல்லுவேன்."

இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "அவாவும் அப்பிடித்தான். பிள்ளையள் கணக்கைப் பிழைவிட்டால் ஒண்டும் சொல்லமாட்டா. பாத்துக்கொண்டு நிப்பா. பயத்திலையே திருத்திப்போடுவாங்கள்."

மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கந்தப்பனின் சட்டைப் பையில் போன் அலறியது. டீமேக்கர் நிமலன். அவர் போட்ட கூச்சல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கந்தப்பன்! மணி பத்தரையாச்சு! கொழுந்து வாடி நிக்குது! ஒருத்தனும் ரோதைப் பக்கம் போக மாட்டேங்கிறான்! எங்கய்யா அவரு?"

"கூட்டத்துலங்க ஐயா. இன்னும் பேரு பதியல."

"யார் அது?" என்றார் இரகுநாதன்.

"ஸ்டோருலருந்துங்க. முனிய கேக்குறாங்க. ரெண்டு மணிக்குள்ள போகலேன்னா கொழுந்து எல்லாம் பாழுங்க. அரை நாள்தாங்க லீவு குடுத்தாங்க."

"லீவோ? எழுத்திலை குடுத்தவையோ?"

"புத்தகத்துல எழுதியிருக்குங்க."

அந்த ஒரு வார்த்தையில் இரகுநாதனின் முகம் தெளிந்தது. முறைப்படி லீவு எடுத்து, டிக்கட் வாங்கி, நேரத்துக்கு வந்த ஒருவரை எந்தக் கணக்காளர்தான் வராதவர் என்று எழுதுவார்? இடாப்பில் குனிந்து, திரு. ரோதமுனியின் பெயருக்கு நேரே சரி அடையாளம் போட்டார்.

"பஸ்ஸிலை போனால் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டியள். என்ரை வான் நிக்குது, அதிலை போங்கோ. ஸஜீதா, டிறைவரைக் கூப்பிடும்." பிறகு தேக்கு நாற்காலி அருகே வந்து தயங்கினார். "நான் தூக்கலாமோ?"

"சப்பாத்தக் கழட்டிட்டுத் தூக்குங்க ஐயா" என்றார் கந்தப்பன்.

இரகுநாதன் சப்பாத்தைக் கழற்றினார். முனியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி படியாக இறங்கினார். பின்னால் ஸஜீதா ஓடிவந்து, வழிகாட்டியின் பஸ் டிக்கட்டை வாங்கிக் கோப்பில் குத்திக்கொண்டாள். அன்றைய கூட்ட அறிக்கையில் அவள் எழுதியது இன்றும் இருக்கிறது: திரு. ரோதமுனி அவர்கள் கடமை நிமித்தம் இடையில் விடைபெற்றார்.

ஒன்றேமுக்காலுக்கு அந்த வான் வண்டி ஸ்டோர் வாசலில் நின்றது. முனி தன் இடத்தில் அமர்ந்தார். சூடம் எரிந்தது, ரோதை ஓடியது. சிவசக்தி அடுத்த கிழமை பேராதனைக்குப் போனாள். துணிக்கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தபாலில் பச்சைத் தாளோடு இன்னொரு உறையும் வந்தது. 'திரு. ரோதமுனி அவர்கட்கு, தனிப்பட்டது' என்று இரகுநாதனின் கையெழுத்தில் இருந்தது. கந்தப்பன் சூடம் கொளுத்திவிட்டுப் பிரித்து வாசித்தார். படிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பின்னேரங்களில் வீடு பெரிதாக இருக்கிறதாம். தேத்தண்ணியைப் பழைய பழக்கத்தில் இன்னும் இரண்டு கோப்பையில் ஊற்றிவிடுகிறாராம். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையாம்.

கந்தப்பன் கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்தி, ரோதை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி வாசித்தார். வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்துப் பதில் எழுதினார்.

ஐயாவுக்கு, கடிதம் கிடைத்தது. முழுக்க வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே குங்குமத்தைத் தொட்டு வைத்தார்.